மந்திரப் பள்ளிகளும் வாள்வீரர்களும்

கற்பனை உலகில் நிகழும் ஒரு விளையாட்டில் மந்திரவாதி தீயுருண்டை எறிகிறான். வீரன் வாள் வீசுகிறான். இவர்களுடைய ஆற்றல்கள் அவ்வுலகின் கதையோடு ஒட்டி நிற்கின்றனவா, அல்லது வெறும் எண்களாகக் கதையின் மேல் மிதக்கின்றனவா? நம் விடுதியில் வாரந்தோறும் கூடி ஆடும் அறுவரிடையே இவ்வினா அண்மையில் பெரும் பூசலை மூட்டிவிட்டது. தமிழிலேயே ஆடுவதற்கென ஓர் உலகைப் படைக்க முற்பட்டோம். மந்திரங்களை எவ்வாறு வகுப்பது என்ற இடத்தில் வேலை நின்றுபோயிற்று. என் கட்சியை ஈண்டு எழுதுகிறேன். மறுப்போர் அடுத்த இதழில் மறுக்கட்டும்.

சான்றுக்கு நான் எடுத்துக்கொள்வது ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற கணினி ஆட்டம் 2023இல் வந்த பின்னரே இதன் பெயரைக் கேட்ட நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆயினும் இதன் பிறப்பு காகிதத்திலும் மேசையிலுந்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் இதனை வெளியிட்டனர். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1971இல், ‘செயின்மெயில்’ என்ற விதிநூல் வந்திருந்தது. பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கு உரிய நூல் அது. அதன் பின்னிணைப்பில் மந்திரவாதி முதன்முதலாகத் தலைகாட்டுகிறான். அவன் எறியும் தீயுருண்டை பெரிய கவண்பொறி எறிந்த கல் விழும் அளவு இடத்தை அழிக்கும். அவன் விடுக்கும் மின்னல் பீரங்கிக் குண்டு பாயும் அளவு இடத்தை அழிக்கும். ஆக, மந்திரவாதி பிறக்கும்போதே அங்கி அணிந்த பீரங்கிதான்!

பீரங்கிக்குக் குண்டு தீரும். மந்திரவாதிக்கு எது தீரும்? இங்கேதான் கதை துணைக்கு வந்தது. ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950இல் ‘தி டையிங் எர்த்’ என்னும் நூலை வெளியிட்டார். கதிரவன் அணையும் தறுவாயில் இருக்கும் தொலைதூர எதிர்காலமே அந்நூலின் களம். அங்குள்ள மந்திரவாதிகள் மந்திரத்தை நெஞ்சில் பதித்துக்கொள்வர். சிலவற்றுக்கு மேல் மூளை தாங்காது. ஒரு முறை உரைத்துவிட்டால் மந்திரம் நினைவினின்று மறைந்துபோகும். கைகாக்ஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டார். விதிக்கு ஒரு வரம்பு வேண்டியிருந்தது. அவ்வரம்புக்கு உரிய காரணத்தைக் கதை தந்தது. இதைவிடப் பொருத்தமான இணைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடன் மறவாமைக்கு அடையாளமாக, அவ்வுலகின் பெருந்தீயோன் ஒருவனுக்கு வான்ஸ் என்னும் பெயரின் எழுத்துகளையே இடமாற்றி ‘வெக்னா’ என்று பெயரிட்டுள்ளனர்.

எட்டுப் பள்ளிகளின் செய்தி வேறு. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை நன்கு வேரூன்றின. நாங்கள் அவற்றைத் தமிழில் காப்பு, வருவிப்பு, குறியறிதல், வசியம், ஆற்றலெழுப்பல், மாயத்தோற்றம், உருமாற்றம், சாவுவித்தை எனக் குறித்துக்கொண்டோம். (கடைசிச் சொல்லுக்காகவே ஓர் இரவு முழுதும் வழக்காடினோம்.) பார்வைக்கு இலக்கணம் போல் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் காயம் ஆற்றும் மந்திரம் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 1978ஆம் ஆண்டு நூலிலும் 1989ஆம் ஆண்டு நூலிலும் அது சாவுவித்தை; உயிரையும் சாவையும் தொடுவது என்பது காரணமாக இருக்கலாம். 2000இல் வருவிப்பு ஆயிற்று. 2014இல் ஆற்றலெழுப்பல். 2024இல் காப்பு! மந்திரத்தின் பயன் இம்மியும் மாறவில்லை. குடியிருக்கும் வீடு மட்டும் மூன்று முறை மாறிற்று. எக்காரணமும் சொல்லலாம் என்ற நிலை இருப்பின், காரணமே இல்லை என்றுதானே பொருள்? அப்பள்ளிகளை நிறுவியவர் யார், ஒன்றுக்கொன்று என்ன பகை என்பதை விதி கேட்கவில்லை. ஆதலால் அவை அலமாரியின் தட்டுகளாகவே நின்றன.

1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ கதைகளோடு இதை ஒப்பிடுக. அங்கே மந்திரவாதிகள் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என மூவகை அங்கியினர். வானில் மூன்று நிலவுகள். ஒவ்வோர் அங்கிக்கும் ஒரு நிலவு உரியது. நிலவு வளர வித்தை வளரும், தேயத் தேயும். கோபுரத்தில் நடக்கும் தேர்வில் தவறினால் உயிரே போகும். ரெய்ஸ்ட்லின் என்பவன் அதில் தேறினான். ஆயின் உடல் நலிந்து வெளியே வந்தான். இங்கே பிரிவு என்பது பயனைப் பற்றியதன்று, பற்றைப் பற்றியது. அதனால் காயம் ஆற்றும் மந்திரம் எந்தத் தட்டில் இருக்கிறது என்ற வினாவே எழுவதில்லை.

வாள்வீரனுக்கு வருவோம். 2008இல் வந்த நான்காம் பதிப்பு, வீரனுக்கும் நாளைக்கு ஒரு முறை மட்டுமே செய்யத்தக்க வீச்சுகளை வழங்கிற்று. மந்திரவாதி மறக்கிறான், வீரனும் வாள்வீச்சை மறந்துவிடுவானா? ஆட்டக்காரர் பலர் அப்போது இதைக் கேட்டனர், கேட்டது முறையே. 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதனைப் பெரிதும் செப்பனிட்டது. வீரனின் சில ஆற்றல்கள் சிறிது நேரம் அமர்ந்து இளைப்பாறினால் மீளும். களைப்பு என்பது யாருக்கும் விளங்கும் காரணம். மைதானத்தில் இரண்டு சுற்று ஓடிப் பார்த்தவனுக்கு அதை விளக்கவே வேண்டா.

விதிக்காகக் கதையை வளைத்த கதைகளும் உண்டு. 1989இல் ‘கொலைஞன்’ என்னும் வகுப்பை விதிநூலினின்று நீக்கினர். உடனே ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகில் கொலைஞர் அனைவரும் ஒருங்கே மடிந்தனர். தெய்வப் போர் ஒன்றுக்கு ஆற்றல் வேண்டி அவர்தம் உயிர் பறிக்கப்பட்டதாம்! 2008இல் மந்திர விதிகள் மாறியபோது மந்திரத்தின் தெய்வமான மிஸ்ட்ராவையே கொன்றார்கள். செருப்புக்காகக் காலை வெட்டிய கதைதான் இது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: விதி மாறிற்று, உலகம் அதை அறியவே இல்லை என்று வாளாவிருப்பதைவிட இந்தக் கொலைகள் எனக்கு மேல்.

ஆகவே எங்கள் உலகில் எட்டுத் தட்டு வேண்டா என்கிறேன். ஒவ்வொரு வித்தைக்கும் கற்பிப்பவர் யார், அவர் கேட்கும் விலை யாது, எங்கே அது நின்றுவிடும் என்று முதலில் எழுதுவோம். எண்கள் பின்னர் வரட்டும். ஆட்டத்தை நடத்தும் நண்பர், நடு ஆட்டத்தில் பட்டியலின்றித் திண்டாடுவது தாமே என்கிறார். அது மெய்தான், பட்டியலை நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். காயம் ஆற்றும் வித்தையை ஊர் மருத்துவச்சிகளுக்குக் கொடுத்து, ஆற்றியவளுக்கே அந்த வலி ஓரிரவு வந்து சேரும் என்று வைத்திருக்கிறேன். அறுவருள் மூவர் இசைந்தனர். எஞ்சிய மூவர் மருத்துவச்சி விடியுமுன் இறந்துவிட்டால் என் செய்வது என்கின்றனர். சனிக்கிழமை ஆடிப் பார்க்கப் போகிறோம்.