மானிட்டர் வாங்கப் போறீங்களா? முதலில் ஸ்கேலை எடுங்கள்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாடா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, முதலில் கவிதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. சரி, தெரிந்ததை எழுதுவோம் என்று யோசித்தால் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். மானிட்டர் வாங்கி முழித்த கதை! அதையே பாடமாக எழுதிவிட்டேன். படித்துவிட்டு நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

போன வருட விடுமுறையில் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து, "படிப்புக்குத்தானேடா, நல்லதாப் பார்த்து வாங்கிக்கோ" என்று பணத்தைக் கையில் கொடுத்தார். சர்க்யூட் போர்டு வரைந்து பழகவும், மீதி நேரத்தில் கொஞ்சம் விளையாடவும் ஒரு மானிட்டர் வேண்டும் என்பது என் ஆசை. கடைக்காரர் சொன்னார்: "தம்பி, இனிமே எல்லாம் ஃபோர் கே தான். வாங்குறதை ஒரே தடவையா பெரிசா வாங்கிடுங்க." நானும் தலையாட்டி, 27 இன்ச் ஃபோர் கே மானிட்டரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் பழைய லேப்டாப்போடு சேர்த்ததும் அடுத்தடுத்து மூன்று அடி. எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. "என்னடா இது, எறும்பு ஊருற மாதிரி இருக்கு!" என்றார் அம்மா. அடுத்து, மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி இழுத்து இழுத்து வந்தது. மூன்றாவதாக, விளையாட்டைத் திறந்தால் படம் படமாக நின்று நின்று ஓடியது. லேப்டாப்பின் சின்னத் திரையில் அதே விளையாட்டு ஒழுங்காக ஓடியதே!

இந்த மூன்று அடிக்கும் மூன்று காரணம் உண்டு. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ரெசல்யூஷன் என்பது புள்ளிக் கணக்கு

வாசலில் அம்மா போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரையும் அப்படித்தான். குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்பதே ரெசல்யூஷன். இந்தப் புள்ளிக்குத்தான் பிக்ஸல் என்று பெயர். 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறையில் 640 × 480, அதாவது 3,07,200 புள்ளிகள். இன்று கடையில் கிடைப்பவை இவை:

ஃபுல் எச்.டி.: 1920 × 1080 = 20,73,600 புள்ளிகள்
குவாட் எச்.டி.: 2560 × 1440 = 36,86,400 புள்ளிகள்
ஃபோர் கே: 3840 × 2160 = 82,94,400 புள்ளிகள்

கவனியுங்கள். ஃபோர் கே என்பது ஃபுல் எச்.டி.யைப் போல் இரண்டு மடங்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, சரியாக நான்கு மடங்கு! குறுக்கே இரண்டு மடங்கு, நெடுக்கே இரண்டு மடங்கு. குவாட் எச்.டி.யோ ஏறத்தாழ 1.78 மடங்கு. இந்த நாலையும் 1.78-ஐயும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்.

2. எழுத்து ஏன் எறும்பானது?

புள்ளிகள் எத்தனை என்பது மட்டும் போதாது. எவ்வளவு இடத்தில் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை புள்ளி என்பதை பி.பி.ஐ. என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க பத்தாம் வகுப்பு பித்தாகரஸ் தேற்றமே போதும். குறுக்குப் புள்ளியின் வர்க்கத்தையும் நெடுக்குப் புள்ளியின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் இன்ச் அளவால் வகுக்க வேண்டியதுதான்.

24 இன்ச் ஃபுல் எச்.டி.: சுமார் 92
27 இன்ச் ஃபுல் எச்.டி.: சுமார் 82
27 இன்ச் குவாட் எச்.டி.: சுமார் 109
32 இன்ச் குவாட் எச்.டி.: சுமார் 92
27 இன்ச் ஃபோர் கே: சுமார் 163

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 24 இன்ச் ஃபுல் எச்.டி.யும் 32 இன்ச் குவாட் எச்.டி.யும் ஒரே அடர்த்தி. பெரிய திரை வாங்கினால் படம் கூர்மையாகிவிடும் என்பது வெறும் நினைப்புதான், இடம்தான் கூடும்.

என் மானிட்டரில் ஒரு இன்ச்சுக்கு 163 புள்ளி. எழுத்தை அதே எண்ணிக்கைப் புள்ளியில் வரைந்தால் எழுத்து சுருங்காமல் என்ன செய்யும்? விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், ஸ்கேல் என்ற இடத்தில் 150 சதவீதம் வைத்தேன். எறும்பு எழுத்து ஆனது. 3840-ஐ 1.5 ஆல் வகுத்தால் 2560. அதாவது திரையில் குவாட் எச்.டி. அளவுக்கு இடம், ஆனால் எழுத்தோ அச்சடித்த மாதிரி கூர்மை. முதல் அடிக்கு மருந்து இவ்வளவுதான். இது தெரியாமல் ஒரு வாரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்!

3. நம் கண்ணுக்கும் ஒரு ரெசல்யூஷன் உண்டு

நல்ல பார்வை உள்ள கண் பிரித்துப் பார்க்கக்கூடிய கோணம் ஏறத்தாழ 1 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. இதிலிருந்து ஒரு சுலபமான சூத்திரம் வருகிறது. ஒரு புள்ளியின் அகலத்தை 3438 ஆல் பெருக்குங்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் போனால் புள்ளி தனித்தனியாகத் தெரியாது.

3438 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு ரேடியனில் அத்தனை நிமிடங்கள். கி.பி. 499-ல் ஆரியபட்டர் சைன் அட்டவணைக்கு எடுத்துக்கொண்ட ஆரமும் இதே 3438 தான்!

புள்ளியின் அகலம் வேண்டுமானால் 25.4-ஐ பி.பி.ஐ. ஆல் வகுத்தால் மில்லிமீட்டரில் வந்துவிடும். 24 இன்ச் ஃபுல் எச்.டி.க்கு 0.277 மி.மீ.; தூரம் சுமார் 95 செ.மீ. 27 இன்ச் குவாட் எச்.டி.க்கு சுமார் 80 செ.மீ. 27 இன்ச் ஃபோர் கே-க்கு சுமார் 54 செ.மீ. 27 இன்ச்சில் ஃபுல் எச்.டி. என்றால் 107 செ.மீ. ஆகிவிடுகிறது.

இப்போது ஸ்கேலை எடுத்து, உங்கள் கண்ணுக்கும் மேஜையில் திரை வைக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 60 முதல் 75 செ.மீ. இருக்கும். 24 இன்ச் ஃபுல் எச்.டி. கணக்குப்படி கொஞ்சம் குறைதான். ஆனால் எழுத்தின் ஓரங்களை கம்ப்யூட்டரே மழுப்பிக் காட்டுவதால் பழகிவிடும். 27 இன்ச் ஃபுல் எச்.டி.யில் அதே மேஜையில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி உறுத்தும். மறுபக்கம், நீங்கள் ஒரு மீட்டர் தள்ளிக் கட்டிலில் சாய்ந்து படம் பார்ப்பவர் என்றால் 27 இன்ச் ஃபோர் கே-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கண் அறியவே அறியாது.

4. மவுஸ் ஏன் இழுத்தது?

இந்த மர்மத்தை உடைத்தவர் எங்கள் லேப் சீனியர் அண்ணன். "வயர் வழியா எவ்வளவு தகவல் போகணும்னு கணக்குப் போட்டியாடா?" என்று கேட்டார். போட்டோம். ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 படம். ஃபுல் எச்.டி.க்கு விநாடிக்குச் சுமார் 3 கிகாபிட். ஃபோர் கே-க்கு சுமார் 12 கிகாபிட். என் லேப்டாப்பில் இருந்ததோ எச்.டி.எம்.ஐ. 1.4. அதில் படத்துக்குக் கிடைப்பது 8 கிகாபிட்டுக்குச் சற்று மேல்தான். அரை அங்குலக் குழாயில் ஏரித் தண்ணீரை விட முடியுமா? அதனால் லேப்டாப் தானாகவே விநாடிக்கு 30 படம் என்று இறங்கிவிட்டது. மவுஸ் இழுத்த காரணம் அதுதான்.

2013-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0-க்கு மேல் இருந்தால் 60 படம் வரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தாலும் வரும். என் லேப்டாப்பின் ஓரத்தில் தூசி படிந்து ஒரு மினி டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்ததை அண்ணன்தான் காட்டினார். ஒரு வயர் வாங்கியதும் மவுஸ் ஓட ஆரம்பித்தது. ஆகவே மானிட்டரின் பெட்டியைப் பார்க்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரின் முதுகைப் பாருங்கள்!

5. விளையாட்டு ஏன் நின்றது?

இதுதான் மருந்தில்லாத அடி. விளையாட்டில் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடுவது கிராபிக்ஸ் சிப். புள்ளி நாலு மடங்கானால் அதன் சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. விநாடிக்கு 60 படம் வேண்டும் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடிதான் நேரம்; 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 7 மில்லிவிநாடிகூட இல்லை. பிராசஸரோடு ஒட்டி வரும் சாதா கிராபிக்ஸ் பாவம், ஃபோர் கே-யில் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது.

வாங்கும் முன்பே இதைச் சோதிக்க வழி இருக்கிறது. உங்களிடம் உள்ள திரையிலேயே விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸில். அப்படியானால் பெரிய ரெசல்யூஷன் பக்கமே போகாதீர்கள். குறைத்தும் ஏறவில்லையா? தடை பிராசஸரில்; கிராபிக்ஸுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். வாலரண்ட் மாதிரி இலகுவான விளையாட்டு ஓடுகிறதே என்று ஏமாற வேண்டாம். சைபர்பங்க் 2077 மாதிரி கனமானதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

"அப்போ ரெசல்யூஷனைக் குறைச்சு வச்சு விளையாடினா போச்சு" என்பீர்கள். அங்கேயும் ஒரு சூட்சுமம். பழைய குண்டு மானிட்டர்களில் படக்குழாய்க்கு எந்த ரெசல்யூஷனும் பொருந்தும். எல்.சி.டி.யில் புள்ளிகள் நிலையானவை. ஃபோர் கே திரையில் ஃபுல் எச்.டி. ஓட்டினால் ஒரு புள்ளி சரியாக நாலு புள்ளியாக விரியும், மிச்சம் விழாது. குவாட் எச்.டி. திரையில் ஃபுல் எச்.டி. ஓட்டினால் ஒரு புள்ளி 1.33 புள்ளியாக வேண்டும். மூன்றில் ஒரு பங்குப் புள்ளி எங்கே கிடைக்கும்? அதனால் படம் மங்கும். டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். போன்ற வசதிகள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் கொடுக்கின்றன. இவற்றில் குவாலிட்டி என்று வைத்தால் ஃபோர் கே படத்தைக் குவாட் எச்.டி. அளவிலிருந்தே உருவாக்கும். உதவிதான், ஆனால் சாதா கிராபிக்ஸை ராஜாவாக்கிவிடாது.

6. சரிப்பா, எதைத்தான் வாங்குறது?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கும், வேகமான சண்டை விளையாட்டுப் பிரியர்களுக்கும்: 24 இன்ச் ஃபுல் எச்.டி. மிச்சப் பணத்தில் கூடுதல் ஹெர்ட்ஸ் கிடைத்தால் நல்லது.

நல்ல நடுத்தர கிராபிக்ஸ் கார்டு உண்டு, படிப்பும் விளையாட்டும் சரிபாதி என்பவர்களுக்கு: 27 இன்ச் குவாட் எச்.டி. ஆட்டோகேட் வரைபடமும் பாடக் குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் போதும். ஸ்கேலை மாற்றாமலே எழுத்தும் படிக்க வரும்.

நாள் முழுக்க எழுத்து, வரைபடம், போட்டோ வேலை; விளையாட்டு எப்போதாவது: 27 அல்லது 32 இன்ச் ஃபோர் கே. ஆனால் துளையும் வயரும் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே.

27 இன்ச்சில் ஃபுல் எச்.டி.: மேஜையில் கிட்ட உட்கார்ந்து படிப்பவர்கள் தள்ளியே இருங்கள்.

நண்பர்களே, என் மானிட்டர் கெட்ட மானிட்டர் இல்லை. இந்தக் கட்டுரையைக்கூட அதில்தான் டைப் அடித்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விளையாட்டை மட்டும் ஃபுல் எச்.டி.க்கு இறக்கி ஓட்டிக்கொள்கிறேன். ஆனால் ஃபுல் எச்.டி.யே போதும் என்றிருந்த எனக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையா? அந்தப் பணத்தில் லேப்டாப்புக்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போட்டிருக்கலாம். அம்மா இன்னும் குழுவில் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் அவர் அந்தப் பாஸ் புத்தகத்தை எடுக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

கடைக்காரருக்கு என் மேஜையின் அளவு தெரியாது. என் லேப்டாப்பின் துளையும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். நாம் டிப்ளமோ படிப்பவர்கள்; அளந்து, கணக்குப் போட்டு, அப்புறம் கை வைப்பதுதான் நம் தொழில். ஒர்க் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டை அறுக்கும் முன் இரண்டு முறை அளக்கும் நாம், வீட்டுப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு முறையாவது அளக்க வேண்டாமா?

தூரம், கிராபிக்ஸ், வயர். இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். யார் என்ன சொன்னாலும் சீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல மானிட்டர் அமைய வாழ்த்துகள்!