பத்தரை மணிக்குக் கருவி உறங்குகிறது, நீங்கள்?

நாளைக் காலை அறிவியல் சோதனை. மணி இரவு 10.29. கற்றல் கருவியில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. 10.30க்குத் திரை அணைந்துவிடுகிறது. எரிச்சலோடு கட்டிலில் சாய்கிறீர்கள். கை தானாகத் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் திறன்பேசியைத் தேடுகிறது. மாணவர்களே, இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதானே?

சிங்கப்பூரில் 2026 ஜனவரி முதல் கல்வி அமைச்சு இரண்டு மாற்றங்களை நடைமுறைப்படுத்தியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியையும் திறன் கைக்கடிகாரத்தையும் பயன்படுத்தக்கூடாது. இடைவேளைக்கும் இணைப்பாட நடவடிக்கைகளுக்கும் இது பொருந்தும். இரண்டாவது மாற்றம், பள்ளிவழி பெற்ற கற்றல் கருவி இரவில் தானாக அணையும் நேரம். முன்பு 11 மணியாக இருந்தது, 10.30 ஆனது. பெற்றோர் விரும்பினால் இந்த நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் மாற்றத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். உங்கள் உடலுக்கு நெருக்கமானது இரண்டாவது மாற்றம். வெறும் அரை மணி நேரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கண்ணுக்குள் ஒரு கடிகார உணரி

விழித்திரையில் கோல் உயிரணுக்களும் கூம்பு உயிரணுக்களும் உள்ளன என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மங்கலான ஒளியில் பார்க்கக் கோல்களும், நிறங்களைக் காணக் கூம்புகளும் உதவுகின்றன. இவை தவிர, ஒளியை நேரடியாக உணரும் மூன்றாவது வகை உயிரணுக்களும் விழித்திரையில் இருப்பதை 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. இவற்றில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளிக்கு அது மிகுதியாகத் துலங்குகிறது.

இந்த உயிரணுக்களின் முக்கிய வேலை, இப்போது பகலா இரவா என்று மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்குத் தெரிவிப்பது. இருட்டினால் அந்தக் கடிகாரம் மெலட்டோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கச் செய்கிறது. ‘இரவாகிவிட்டது’ என்று உடலுக்குச் சொல்லும் செய்தி அது. இரவில் கண்ணெதிரே வெளிச்சமான திரை இருந்தால் அந்தச் செய்தி தாமதமாகிறது.

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 12 இளையர்கள் பங்கேற்றனர். மங்கலான அறையில், உறங்குவதற்கு முன் நான்கு மணி நேரம், ஐந்து இரவுகள் அவர்கள் ஒளிரும் திரையில் வாசித்தார்கள். மேலும் ஐந்து இரவுகள் அச்சு நூலை வாசித்தார்கள். திரையில் வாசித்தபோது மெலட்டோனின் சுரப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. கண்ணயர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

பத்து நிமிடம்தானே என்று நினைக்கிறீர்களா? சரியான கேள்வி. ஒளி மட்டுமே குற்றவாளி என்றால், திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது.

பெரிய திருடன் நேரம்

அச்சு நூலில் பாடம் முடிந்தால் பக்கம் முடிந்துவிடும். குறுங்காணொளிகளுக்கு முடிவே இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. நண்பர் குழுவிலும் யாராவது ஒருவர் விழித்துக்கொண்டுதான் இருப்பார். மூளை அடுத்தது என்ன என்று காத்திருக்கும்போது தூக்கம் நெருங்காது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 7.30க்குப் பள்ளி, 6 மணிக்கு எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கருவி அணைந்த 10.30க்கே உறங்கினாலும் கிடைப்பது ஏழரை மணி நேரம். திறன்பேசியோடு நள்ளிரவைத் தொட்டால் ஆறு மணி நேரம். எட்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டால், ஐந்து பள்ளி நாள்களில் பத்து மணி நேரத் தூக்கம் பறிபோகிறது.

பதின்ம வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கித் தள்ளிப்போகிறது. உங்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வராததற்குச் சோம்பல் காரணமன்று. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியன் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் உதிக்கிறது. கடிகாரத்தை முன்னோக்கித் திருப்ப உதவும் காலை வெளிச்சம் வருவதற்கு முன்பே நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள். அதனால் இரவு நேரத் திரையைக் கவனிப்பது நமக்குக் கூடுதல் தேவை.

படித்தது எங்கே போகிறது?

பகலில் படித்தவற்றை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் அவை மீண்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டு, நீண்டகால நினைவாக உறுதிப்படுகின்றன. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது, எழுதியதைச் சேமிக்காமல் கணினியை அணைப்பது போன்றது.

மனநலமும் இதில் அடங்கியிருக்கிறது. தூக்கம் குறைந்தால், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி சிறிய விஷயத்துக்கும் பெரிதாகத் துலங்கும். தோழி பதில் அனுப்பாதது சாதாரண விஷயமாக இருக்கலாம். ஆறு மணி நேரம் மட்டும் உறங்கிய காலையில் அதுவே அவமதிப்பாகத் தோன்றலாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. முதல் வாரம், திங்கள் முதல் வியாழன் வரை, வழக்கம்போல் இருங்கள்.
2. இரண்டாவது வாரம், அதே நான்கு நாள்களில், இரவு 9.45க்குத் திறன்பேசியை வரவேற்பறையில் வைத்துவிடுங்கள். காலையில் எழுப்பச் சாதாரணக் கடிகாரம் போதும்.
3. ஒவ்வோர் இரவும் ஐந்து புதிய கலைச்சொற்களை மனப்பாடம் செய்யுங்கள். காலையில் பார்க்காமல் எழுதி, சரியானவற்றை எண்ணுங்கள்.
4. உறங்கிய நேரம், எழுந்த நேரம், காலை மனநிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் ஆகியவற்றை அட்டவணையில் குறியுங்கள்.

சிந்தியுங்கள்: இந்தச் சோதனையில் நீங்கள் மாற்றிய மாறி எது? மாறாமல் வைத்திருக்க வேண்டியவை எவை? ஒருவரின் முடிவை மட்டும் வைத்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லலாமா? வகுப்பு நண்பர்களின் அட்டவணைகளையும் சேர்த்து ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.

கற்றல் கருவியை அணைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் திறன்பேசியை நீங்கள்தான் அணைக்க வேண்டும். இன்று இரவே தொடங்கலாமே!