கருவறையில் இல்லாத பாணம்

அன்புள்ள பேத்திக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலில் மூலவர் சன்னிதி முன் முதன்முறை நிற்பவர் தடுமாறிப்போவார். கண் லிங்கத்தைத் தேடும், லிங்கம் இருக்காது. ஆவுடை எனப்படும் பீடம் மட்டும் உண்டு, அதன்மேல் எழும்ப வேண்டிய பாணம் இல்லை. சுவாமியின் பெயர் ஆத்மநாதர். எதிரே நந்தி கிடையாது, கொடிமரமும் கிடையாது. அம்பாள் யோகாம்பிகை சன்னிதியிலும் திருமேனி இல்லை, பாதங்கள் மட்டுமே. அவற்றையும் கல் பலகணி வழியாகத்தான் தரிசிக்க வேண்டும்.

நைவேத்தியமும் அதற்கேற்றதே. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து, சன்னிதிக்கு முன்னுள்ள படைகல்லில் பரப்புகிறார்கள். ஆவி எழுகிறது, அந்த ஆவிதான் நிவேதனம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துபோகிற ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குப் படைக்கிறார்கள். கடவுளுக்கு உருவம் உண்டா என்று மனம் கிடந்து அலைகிற வயதில், ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி இது.

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியை ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டாக வெட்டிவிடுவதில்லை. இறைவனின் இயல்பை அது இரண்டு நிலைகளில் வைத்துப் பேசுகிறது. தன்னில் தானாக நிற்பது சொரூப நிலை. அங்கே உருவமும் பெயரும் தொழிலும் இல்லை. உயிர்களின் பொருட்டு இறங்கி வருவது தடத்த நிலை. அந்த இரண்டாம் நிலையில்தான் அருவம், அருவுருவம், உருவம் என்ற மூன்றும் வருகின்றன. அவை மேலும் ஒன்பதாக விரியும். சிவம், சக்தி, நாதம், விந்து நான்கும் அருவம், சதாசிவம் அருவுருவம், மகேசுவரன், உருத்திரன், மால், அயன் நான்கும் உருவம்.

பலர் சறுக்குவது இங்கேதான். சிலையை விட்டு வெட்டவெளியைப் பிடித்துவிட்டால் கடவுளின் உண்மை இயல்பைத் தொட்டுவிட்டதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. சித்தாந்தப்படி அந்த அருவமும் உயிருக்காகக் கொண்ட நிலையே. சொரூபம் இம்மூன்றையும் கடந்தது. ஆகவே உருவத்தை வணங்குபவரைவிட அருவத்தைத் தியானிப்பவர் ஒருபடி மேலே நிற்கிறார் என்று கருத இடமில்லை. படித்தவர்களிடம் இந்த மிதப்பு எளிதில் ஏறிவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உருவமில்லாதவன் உருவம் கொள்வானேன்? ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், தானாக அவனை அறிய மாட்டாது. அதனால் அறியத்தக்க வடிவில் அவன் வருகிறான். அந்த வடிவம் மனித உடம்பைப் போல மாயையால் ஆனதன்று, அருளால் ஆனது. மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் செய்த சிவஞானபோதம் கடைசிச் சூத்திரத்தில் அடியாரையும் ஆலயத்தையும் இறைவனாகவே தொழச் சொல்கிறது. அதை விளக்கும் உவமை அடுக்களையிலிருந்து வருகிறது. பாலிலும் நெய் உண்டு, தயிரிலும் நெய் உண்டு. பாலில் அது தெரியாது. தயிரில் திரண்டு தெரியும். எங்கும் இருக்கிற இறைவன் சில இடங்களில் மட்டும் விளங்கித் தோன்றுவது அப்படித்தான்.

லிங்கம் அருவுருவம் என்பதைக் கல்லே சொல்லும். அடியில் சதுரம், நடுவில் எண்கோணம், மேலே வட்டம். கீழ் இரண்டும் பீடத்துக்குள் மறைந்துவிட, வட்டப்பகுதி மட்டும் வெளியே தெரியும். முகமும் கைகளும் இல்லாமல், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறியாக அது நிற்கிறது. சிதம்பரத்தில் மூன்று நிலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: ஆடுகிற நடராசர், படிக லிங்கம், திரைக்குப் பின்னே தங்க வில்வ மாலைகள் தொங்கும் ரகசிய வெளி. ஒன்றைக் காட்ட இன்னொன்றை அங்கே அகற்றவில்லை.

வள்ளலாரின் வழி சற்றே வேறு. சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடித் தொடங்கியவர், 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவி அங்கே சோதியை வழிபட வைத்தார். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகச் சோதி தெரியும். திரைகள் கடவுள் மேல் கிடப்பவை அல்ல, பார்க்கிற உயிரின் அறியாமையைக் குறிப்பவை. சபைக்கு முன்பே, 1867இல், பசித்தவர்க்குச் சோறிடும் தருமச்சாலையை அவர் திறந்துவிட்டார். அந்த வரிசை தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆவுடையார்கோவிலின் பழம்பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரை, குருந்த மரத்தடியில் மனிதக் குருவாக அமர்ந்து இறைவன் ஆட்கொண்டது இங்கேதான் என்பது மரபு. இறைவன் இத்தனை நெருக்கமாக, ஆள் வடிவில் வந்து பேசியதாகச் சொல்லப்படும் ஊரின் கருவறை வெறுமையாக இருக்கிறது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கியதாக அவ்வூரார் யாரும் எண்ணியதில்லை.

அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் கல்லில் கயிறும் வளையமும் செதுக்கிய கொடுங்கையை அண்ணாந்து பார்த்தபடியே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். கொடுங்கை அங்கேயேதான் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சோற்றின் ஆவி சில நிமிடங்களே நிற்கும் என்பதால், படைகல்லுக்குச் சோறு வருவதற்கு முன்பே சன்னிதிக்குள் போய்விடுவது நல்லது.

அன்புடன்,
தாத்தா