கிரெடிட் கார்டு கிடைக்கவில்லையா? முதலில் உங்கள் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

நாகர்கோவிலில் இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. அப்படியிருந்தும் நான்கு மாதங்களில் மூன்று வங்கிகள் என் கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டன. ஓர் இடத்தில் இல்லை என்றதும், அன்று இரவே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அடுத்த வங்கிக்கு விண்ணப்பிப்பேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

வங்கி எதைப் பார்க்கிறது?

நாம் வாங்கிய கடன்கள், கட்டிய தவணைகள், தாமதங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவற்றுள் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிபில்தான் மூத்தது. அது தரும் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். நாம் கார்டுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வங்கி இந்த ரிப்போர்ட்டைக் கேட்கும். அந்த விசாரணையும் ரிப்போர்ட்டில் பதிவாகிவிடும். குறுகிய காலத்தில் பல விசாரணைகள் இருந்தால், 'இவருக்குப் பண நெருக்கடி போலும்' என்று அடுத்த வங்கி தயங்கும். நமது ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது.

இலவசமாகப் பெறுவது எப்படி?

2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்திற்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

1. பிரவுசரைத் திறந்து, நிறுவனத்தின் முகவரியை அட்ரஸ் பாரில் நீங்களே டைப் செய்யுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரங்களைக் கிளிக் செய்ய வேண்டாம்.
2. இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பைத் தேர்வு செய்யுங்கள். இடையில் மாதக் கட்டணத் திட்டம் காட்டப்பட்டால் அதைத் தவிர்த்து விடுங்கள்.
3. பெயர், பிறந்த தேதி, பான் எண், மொபைல் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். மொபைலுக்கு வரும் ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.
4. ரிப்போர்ட் திரையில் வந்ததும் கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தி, பிடிஎஃப் ஃபைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள்.

இந்த வேலையை பிரவுசிங் சென்டரில் செய்யாதீர்கள்.

என் ரிப்போர்ட்டில் இருந்தது

முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த கல்விக் கடன், அதில் முடியாமல் இருந்தது. பாக்கி 1,140 ரூபாய். முன்கூட்டியே கடனை அடைத்தபோது, கடைசி சில நாட்களின் வட்டியைச் சேர்க்காமல் கிளையில் தொகை சொல்லியிருக்கிறார்கள். 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழை நானும் கேட்டு வாங்கவில்லை. மாதாமாதம் தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்தக் கடனில் அப்பாவும் கூட்டுக் கடன்தாரர். வடசேரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவர், யாரிடமும் ஒரு ரூபாய் கடன் நிறுத்தாதவர். அவர் ரிப்போர்ட்டிலும் அதே கறை! தங்கையின் நர்சிங் படிப்புக்கு அவர் கடன் கேட்கவிருந்த நேரம் அது.

சரி செய்த விதம்

முதலில் பாக்கியைக் கட்டி, சான்றிதழ் வாங்கினேன். கணக்கு முடிந்ததாக ரிப்போர்ட்டில் மாறாததால், அதே இணையதளத்தில் உள்ள 'டிஸ்ப்யூட்' பகுதியில் புகார் பதிவு செய்தேன். இதற்குக் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. எனக்கு மூன்று வாரத்தில் சரியானது. ஆனால் பழைய தாமதங்கள் உடனே மறையாது. சிபில் ரிப்போர்ட்டில் 36 மாதங்கள் வரையிலான விவரம் தெரியும்.

எனவே மீண்டும் சாதாரண கார்டுக்கு விண்ணப்பிக்காமல், 25,000 ரூபாயை ஃபிக்ஸட் டெபாசிட் செய்து, அதன் பேரில் கார்டு வாங்கினேன். பல வங்கிகள் இவ்வாறு தருகின்றன. டெபாசிட்டே பிணை என்பதால் மறுப்பு குறைவு. இதுவரை கடனே வாங்காததால் ஸ்கோர் இல்லாதவர்களுக்கும் இது நல்ல வழி. லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு செய்யவில்லை. 'மினிமம் ட்யூ' மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும் என்பதால், ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டினேன். ஒரு வருடம் கழித்து, முன்பு மறுத்த வங்கிகளில் ஒன்றே சாதாரண கார்டு கொடுத்தது.

உங்கள் விண்ணப்பமும் மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கார்டு தரும் நிறுவனம் குறிப்பிட்ட காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதைப் படித்து, குறையைச் சரி செய்த பிறகே அடுத்த விண்ணப்பம்.

தங்கைக்குக் கடன் கிடைத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் என் ரிப்போர்ட்டோடு அப்பாவின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்து விடுகிறேன். உங்கள் வீட்டிலும் கூட்டாகக் கடன் வாங்கியிருந்தால் இருவருடையதையும் பாருங்கள்.