வெறும் எடையா, பாட்டரி போட்ட எடையா?
கேமரா விற்பனையாளர்களுக்கு ஓர் எடைக் கணக்குப் பாடம்



அரிசி மண்டியில் மூட்டையைத் தராசில் ஏற்றினால் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுகிறோம். எண்ணெய் டின் என்றாலும் அப்படியே. மொத்த எடை வேறு, நிகர எடை வேறு என்பது நம் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் டிஜிட்டல் கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாடிக்கையாளர், "இது எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டால் மட்டும் நாம் தடுமாறுகிறோம். விபரத் தாளில் கண்ணில் பட்ட முதல் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அரிசியில் சாக்கைக் கழிக்க வேண்டும். கேமராவில் பாட்டரியைக் கூட்ட வேண்டும். இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

நாம் பட்ட அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடையில் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறோம். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஓர் அன்பர் கேமரா, லென்ஸ், பாட்டரி கிரிப் மூன்றையும் நம்மிடம் வாங்கினார். வீடியோ ஆடாமல் எடுக்க கிம்பல் ஒன்றும் கேட்டார். 2 கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருந்த கிம்பலை எடுத்துக் காட்டினோம். "என் கேமராவைத் தாங்குமா?" என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பையன் தாளைப் பார்த்தான். பாடி 565 கிராம், லென்ஸ் 886 கிராம் என்று கூட்டினான். "ஒன்றரை கிலோகூட இல்லை, தாராளமாகத் தாங்கும்" என்றான். நாமும் கல்லாவில் இருந்தபடியே தலையாட்டினோம்.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். தாலி கட்டும் நேரத்தில் கிம்பல் நடுங்கி நின்றுவிட்டதாம். அந்தக் காட்சி போனது போனதுதான். அவர் சத்தம் போடவில்லை. கிரிப், பாட்டரிகள், மைக், மாட்டும் தகடு எல்லாவற்றோடும் கேமராவை நம் தராசின் மேலேயே வைத்தார். முள் 2 கிலோவைத் தாண்டி நின்றது. கிம்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். ஆனால் அந்த முகூர்த்தத்தை நம்மால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பையன் பொய் சொல்லவில்லை; தாளில் இருந்ததைத்தான் சொன்னான். தப்பு எங்கே என்று பார்த்தபோதுதான் இந்தப் பாடம் நமக்கே புரிந்தது.

1. விபரத் தாளில் இரண்டு எடை

கேமரா தயாரிக்கும் கம்பெனிகள் எடையை இரண்டு விதமாகக் கொடுக்கின்றன. ஒன்று, பாட்டரியும் கார்டும் இல்லாத வெறும் பாடியின் எடை. மற்றொன்று, பாட்டரியும் மெமரி கார்டும் போட்ட எடை. ஜப்பானில் 2002-ல் அமைந்த, கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான 'சிபா' வகுத்த நெறிமுறைப்படி எடுத்த எடை என்று சில தாள்களில் போட்டிருக்கும். அது இந்த இரண்டாவது எடைதான். லென்ஸ் இரண்டிலுமே சேராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சில கேமராக்களின் எடையைக் கீழே தருகிறோம். முதல் எண் வெறும் பாடி. இரண்டாவது எண் பாட்டரி, கார்டுடன்.

சோனி ஏ7 (2013): 416 கிராம், 474 கிராம்
சோனி ஏ7 மார்க் 3 (2018): 565 கிராம், 650 கிராம்
கேனன் 5டி மார்க் 4 (2016): 800 கிராம், 890 கிராம்
நிக்கான் டி850 (2017): 915 கிராம், 1,005 கிராம்
கேனன் ஆர்3 (2021): 822 கிராம், 1,015 கிராம்
நிக்கான் இசட்9 (2021): 1,160 கிராம், 1,340 கிராம்

கடைசி இரண்டும் கிரிப் பாடியோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டவை. அவற்றின் பாட்டரி பெரியது. அதனால்தான் இரண்டு எண்களுக்கும் இடையில் 180, 193 கிராம் வித்தியாசம் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாடிக்கையாளர் நிக்கான் டி850-யும் கேனன் 5டி மார்க் 4-யும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் 915 என்றும் மற்றொன்றில் 890 என்றும் பார்த்துவிட்டு, "25 கிராம்தானே வித்தியாசம்" என்று நாம் சொல்லிவிடலாம். அது சரியல்ல. 915 வெறும் பாடி. 890 பாட்டரி போட்டது. வெறும் பாடியை வெறும் பாடியோடு வைத்தால் 915-க்கு 800; வித்தியாசம் 115 கிராம். பாட்டரி போட்டதைப் பாட்டரி போட்டதோடு வைத்தால் 1,005-க்கு 890. அப்போதும் அதே 115 கிராம். ஒரு தட்டில் சாக்கோடும் மறு தட்டில் சாக்கில்லாமலும் வைத்து நிறுப்போமா? இங்கேயும் அப்படிச் செய்யக் கூடாது.

2. கிரிப் மாட்டினால் கணக்கு மாறும்

பாட்டரி கிரிப் என்பது கேமராவின் அடியில் மாட்டும் பிடி. கூடுதல் பாட்டரிக்கு அதில் இடம் உண்டு. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கத் தனி பட்டன்களும் பல கிரிப்களில் உண்டு. கனமான லென்ஸ் மாட்டும்போது கைக்கு ஒரு சமநிலை கிடைக்கும். ஃபிலிம் காலத்தில் நிக்கான் எஃப்3-க்கு மாட்டிய எம்.டி.4 மோட்டார் டிரைவை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 8 பென்சில் செல் போடும் அந்தப் பெட்டி செய்த வேலையின் ஒரு பகுதியைத்தான் இன்றைய கிரிப் செய்கிறது.

கணக்கில் பிழை வருவது இங்கேதான். கிரிப்களில் இரண்டு ஜாதி உண்டு.

முதல் ஜாதி: கேமராவின் பாட்டரியை வெளியே எடுத்து, பாட்டரி மூடியையும் கழற்றிவிட்டு, கிரிப்பின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை அந்தக் குழிக்குள் செருக வேண்டும். பாட்டரிகள் எல்லாம் கிரிப்புக்குள்ளேதான் இருக்கும். சோனி ஏ7 மார்க் 3-க்கு வரும் கிரிப் இப்படித்தான். கேனன் 5டி வரிசைக்கான கிரிப்களும் இப்படியே.

இரண்டாம் ஜாதி: கேமராவின் பாட்டரி அதன் இடத்திலேயே இருக்கும். கிரிப்பில் போடுவது கூடுதல் பாட்டரி. நிக்கான் டி300, டி700 கேமராக்களுக்கு வந்த எம்.பி.டி10, டி850-க்கு வந்த எம்.பி.டி18 ஆகியவை இந்த ஜாதி.

கம்பெனியின் பெயரை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. நிக்கானே 2019-ல் இசட்6, இசட்7 கேமராக்களுக்குக் கொண்டுவந்த கிரிப், பாட்டரியை வெளியே எடுத்துவிட்டு மாட்டும் ஜாதிதான். கிரிப்பைக் கையில் எடுத்து மேல்பக்கம் பாருங்கள். நீண்ட தண்டு இருந்தால் முதல் ஜாதி என்று கொள்ளலாம்.

3. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நம் அன்பர் வாங்கிய சோனி ஏ7 மார்க் 3-யையே எடுத்துக்கொள்வோம். கிரிப்பின் எடை பாட்டரி இல்லாமல் சுமார் 290 கிராம். ஒரு பாட்டரி சுமார் 83 கிராம். கார்டு சுமார் 2 கிராம்.

தவறான கணக்கு: பாட்டரி போட்ட கேமரா 650, கிரிப் 290, இரண்டு பாட்டரி 166, ஆக 1,106 கிராம்.

சரியான கணக்கு: வெறும் பாடி 565, கிரிப் 290, இரண்டு பாட்டரி 166, கார்டு 2, ஆக 1,023 கிராம்.

வித்தியாசம் 83 கிராம். அதாவது கேமராவிலிருந்து வெளியே எடுத்த பாட்டரியை நாம் இரண்டு முறை எண்ணிவிட்டோம். முதல் ஜாதி கிரிப்புக்கு எப்போதும் வெறும் பாடியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் ஜாதிக்குப் பாட்டரி போட்ட எடையிலிருந்து தொடங்கலாம். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது 886 கிராம் லென்ஸைச் சேர்த்தால் 1,909 கிராம். 2 கிலோ கிம்பலில் மிச்சம் இருப்பது 91 கிராம். அதில் தகடு எங்கே, மைக் எங்கே? பையன் சொன்ன 1,451 கிராமுக்கும் உண்மைக்கும் 458 கிராம் இடைவெளி. கிரிப்பைக் கழற்றிவிட்டு மாட்டியிருந்தால் 650-ம் 886-ம் சேர்ந்து 1,536 கிராம்தான். "கிம்பலில் மாட்டும்போது கிரிப்பைக் கழற்றிவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த முகூர்த்தம் தப்பியிருக்கும்.

4. பென்சில் செல் போட்டால்

சில கிரிப்களில் பாட்டரிக்குப் பதிலாகப் பென்சில் செல் போடலாம். கேனன் 5டி மார்க் 2-க்கு வந்த கிரிப்பில் 6 செல், நிக்கான் எம்.பி.டி10-ல் 8 செல். செல்லின் வகையைப் பொறுத்து எடை மாறும். ஆல்கலைன் செல் ஒன்று சுமார் 23 கிராம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் சுமார் 27 கிராம். ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் செல் சுமார் 15 கிராம். எட்டுச் செல்லுக்கு முறையே 184, 216, 120 கிராம். ஒரே கிரிப்பில் செல்லை மாற்றினாலே கிட்டத்தட்ட 100 கிராம் ஏறி இறங்குகிறது.

எடை கூடுவதற்குச் சில இடங்களில் பலனும் உண்டு. நிக்கான் டி700 தனியாக நொடிக்கு 5 படம் எடுக்கும், எம்.பி.டி10 கிரிப்பில் பென்சில் செல்லோ பெரிய பாட்டரியோ போட்டால் 8 படம். டி850-ல் கிரிப்பும் பெரிய பாட்டரியும் போட்டால் 7 படம் 9 ஆகிறது. விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுப்பவருக்கு அந்த எடை வீண் சுமை அல்ல.

5. உண்மையைச் சொன்னால் வியாபாரம் கெடுமா?

எடை அதிகம் என்று சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. எடைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பயம் வேண்டாம். 2013-ன் ஏ7-ல் வெறும் பாடிக்கும் பாட்டரி, கார்டு போட்ட எடைக்கும் 58 கிராம் வித்தியாசம். ஏ7 மார்க் 3-ல் 85 கிராம். கூடியது 27 கிராம்தான். ஆனால் சிபா சோதனை முறைப்படி முன்னதில் ஒரு சார்ஜில் சுமார் 340 படம். பின்னதில் சுமார் 710 படம். இதைச் சொன்னால் எடை கூடியதே விற்பனைக்கு வழியாகும்.

அதேபோல், கிரிப் கேட்டு வருகிறவரிடம், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். செங்குத்தாகப் படம் எடுக்கவோ, பெரிய லென்ஸுக்குப் பிடிமானமாகவோ வேண்டும் என்றால் கிரிப்பைக் கொடுங்கள். சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது மட்டும்தான் குறை என்றால், சட்டைப் பையில் 83 கிராம் பாட்டரி ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். காலையிலிருந்து இரவு வரை மண்டபத்தில் நிற்பவர் 373 கிராமைக் கூடுதலாகக் கையில் தூக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு கிரிப் விற்பனை போகும். ஆனால் அந்த மனிதர் அடுத்த லென்ஸுக்கும் நம் கடைப்படிதான் ஏறுவார்.

6. மொத்த வியாபாரிகளுக்கு ஒரு குறிப்பு

கேமரா எண்ணிக்கையில் விற்கும் சரக்கு. ஆகவே பெட்டியில் ஒட்டிய சீட்டில் நிகர அளவு 1 எண் என்றுதான் இருக்கும். கிராம் கணக்கை அங்கே தேடிப் பயனில்லை. பார்சல் அனுப்பும்போது கேமராவின் எடையை வைத்துக் கூரியர் செலவைப் போடவும் கூடாது. சார்ஜர், வார், அட்டை எல்லாம் சேரும். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குகின்றன. 25, 20, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால், உள்ளே என்ன இருந்தாலும் 2 கிலோவுக்குக் குறையாது.

பாட்டரியைத் தனியாக அனுப்புவதற்கு விதி கடுமை. 2016 ஏப்ரல் 1 முதல், கருவியோடு சேராத லித்தியம் அயன் பாட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. விமானத்தில் போகும் வாடிக்கையாளரிடம், உதிரி பாட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

7. கடையில் செய்ய வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றைக் கவுண்டரில் வையுங்கள். கடைக்கு வரும் ஒவ்வொரு மாடலையும், வெறும் பாடி, பாட்டரி கார்டுடன், கிரிப்புடன், வழக்கமாக விற்கும் லென்ஸுடன் என நான்கு நிலையில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரையும் மூடிகளையும் எடுத்துவிட்டு நிறுக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வரும் கேமராவுக்கு விபரத் தாள் கிடைக்காமல் போகலாம். அங்கே இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

கடைப் பையன்களுக்கு இரண்டு பயிற்சிக் கணக்குகள் தருகிறோம்.

அ) ஏ7 மார்க் 3-ல் கிரிப் மாட்டி, உள்ளே ஒரே பாட்டரி மட்டும் போட்டு, 886 கிராம் லென்ஸும் கார்டும் சேர்த்தால் எவ்வளவு?

ஆ) பாட்டரி, கார்டு போட்ட 5டி மார்க் 4-ல் 805 கிராம் லென்ஸ் மாட்டினால் எவ்வளவு?

விடை: அ) 1,826 கிராம். ஆ) 1,695 கிராம். வேறு எண் வந்தால் பாட்டரியை இரண்டு முறை எண்ணினோமா, விட்டுவிட்டோமா என்று பாருங்கள்.

நம் கடையில் இப்போது அந்த நோட்டு கவுண்டரிலேயே கிடக்கிறது. எடை கேட்பவரிடம் எண்ணைச் சொல்வதற்கு முன், "வெறும் பாடியா, பாட்டரி போட்டா, கிரிப்போடா?" என்று பையன் கேட்கிறான். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவனுக்கு அரை நிமிடம் ஆகிறது. அன்றைக்கு நாம் அதைக் கேட்கவில்லை.