நூலகவியல் முதுகலை: எந்த வாசல் யாருக்கு?

ஒரு மாணவியின் மேசையில் ஒரு புத்தகம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களின் வரலாறு. டூயி தசமப் பகுப்பு முறைப்படி அதற்கு ஓர் எண் போட வேண்டும். கண்மாய்ப் பாசனம் வேளாண்மைதானே என்று நினைத்தால் 631.587. மடையும் கலுங்கும் கட்டுவது பொறியியல் என்றால் 627.52. நீரைப் பங்கிடும் பொருளாதாரம் என்றால் 333.913. தமிழக வரலாறு என்று எடுத்துக்கொண்டால் 954.82. நான்குக்கும் நியாயம் உண்டு. ஆனால் இருப்பது ஒரே பிரதி; அது ஒரே ஓர் அலமாரியில்தான் நிற்க முடியும். மாணவி முன்னுரையைப் படிக்கிறார், பொருளடக்கத்தைப் புரட்டுகிறார், இந்த நூலைத் தேடி யார் வருவார் என்று யோசிக்கிறார். பிறகு பென்சிலால் ஓர் எண்ணை எழுதுகிறார்.

“புத்தகம் எடுத்துக் கொடுக்கிறதுக்கு எதுக்குப்பா ரெண்டு வருஷப் படிப்பு?” என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பென்சில் எண்தான் பதில். தவறான அலமாரிக்குப் போன புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம்.

நூலகம் மற்றும் தகவல் அறிவியலில் முதுகலை படிப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு அடுத்து வருவது வேறு குழப்பம். இரண்டாண்டு ஒருங்கிணைந்த படிப்பா, ஓராண்டு இளநிலையான பி.எல்.ஐ.எஸ். முடித்துவிட்டு ஓராண்டு முதுகலையான எம்.எல்.ஐ.எஸ்-ஸா? வளாகமா, தொலைநிலையா? மாநிலப் பல்கலைக்கழகமா, மத்தியப் பல்கலைக்கழகமா, பெங்களூரா? பட்டத்தின் பெயர் ஏறத்தாழ ஒன்றுதான். அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் வேறு வேறு.

முதலில் வேலை, பிறகு படிப்பு

கல்லூரியைத் தேடும் முன்னால், போக விரும்பும் வேலையின் விதியைப் படித்துவிடுவது நல்லது. கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் ஆகிய பணிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் நூலக அறிவியலில் முதுகலையும் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணும் கேட்கின்றன. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. அதற்கு மேல் தேசியத் தகுதித் தேர்வான நெட்டிலோ மாநில அளவிலான செட்டிலோ தேர்ச்சி வேண்டும். விதிப்படி பெற்ற பிஎச்.டி. இருந்தால் அதிலிருந்து விலக்கு. நூலகக் கணினிமயமாக்கம் பற்றிய அறிவு வேண்டும் என்று அதே விதி சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை.

நெட் தேர்வில் இந்தப் பாடத்தின் எண் 59. மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். நல்ல இடத்தில் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அமலில் உள்ள தொகை இது.

பள்ளி நூலகம் வேறு கணக்கு. கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்கு இளநிலை நூலகப் பட்டமே போதும். தமிழகப் பொது நூலகத் துறையில் ஊர்ப்புற நூலகர் முதல் மாவட்ட நூலக அலுவலர் வரை ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு தகுதி. அடிப்படிகளில் சி.லிஸ். எனப்படும் சான்றிதழ் படித்தவர்களே நிறையப் பேர். அந்தப் படியைத்தான் ஒருவர் குறிவைக்கிறார் என்றால் உடனே முதுகலைக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஒரே மூச்சிலா, இரண்டு தவணையிலா?

ஒருங்கிணைந்த இரண்டாண்டுப் படிப்பில் எந்தப் பட்டதாரியும் நேரே சேரலாம். பகுப்பாக்கம், பட்டியலாக்கம் போன்ற அடிப்படைகள் முதலாண்டில். ஆய்வுமுறை, மின்னூலகம், தகவல் அமைப்புகள் இரண்டாமாண்டில். ஒரே பேராசிரியர்களிடம் நான்கு பருவமும் தொடர்ந்து படிப்பதால் கடைசிப் பருவத் திட்டப்பணி ஆழமாக அமைய வாய்ப்பு அதிகம். ஆய்வுப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது தோதானது.

தவணை முறையின் பலம், பாதியில் நிற்க முடிவதுதான். ஓராண்டு முடிந்ததும் கையில் ஒரு பட்டம் இருக்கும். குடும்பச் சூழலால் வேலைக்குப் போக நேர்ந்தாலும் பள்ளி நூலகர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். முதுகலையைப் பிறகு தொடரலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ இந்த முறையில்தான் நடத்துகிறது, அங்கே எம்.எல்.ஐ.எஸ். சேர பி.எல்.ஐ.எஸ். முடித்திருக்க வேண்டும்.

ஒருங்கிணைந்த படிப்பில் சேர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வேலை அறிவிப்புகள் இளநிலை நூலகப் பட்டம் என்று பெயர் சொல்லியே கேட்கும். அவர்களிடம் அந்தப் பெயரில் தனிச் சான்றிதழ் இருக்காது. தங்கள் பட்டம் அந்தப் பணிக்கு ஏற்கப்படுமா என்று அறிவிப்பின் தகுதிப் பகுதியைப் பார்த்து, தேவையானால் எழுதிக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். நேர்முகத்தன்று சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் நின்று வாதாடுவதை விட இது சுலபம்.

வளாகமா, தொலைநிலையா?

சென்னை, அண்ணாமலை, பாரதிதாசன், அழகப்பா என மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூலக அறிவியலுக்குத் தனித் துறை உண்டு. திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியும் இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்றது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டிலும் சேர கியூட் முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்தின் கூடுதல் வரவு வகுப்பறைக் கலவை. பல மாநிலங்களிலிருந்து வந்தவர்களோடு படிக்கும்போது ஆங்கிலப் பேச்சும் தமிழகத்துக்கு வெளியே வேலை தேடும் துணிவும் தானாக வரும்.

தொலைநிலையில் இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் முக்கியமானவை. முறைப்படி அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் வளாகப் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி அனுமதி பற்றியது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்ற மூன்றுக்கும் அனுமதி இருக்கிறதா என்பதை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். போன வருடம் அனுமதி இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் சான்றாகாது.

வேறு பாடத்தில் முழுநேரம் படித்துக்கொண்டே நூலகப் பட்டத்தைத் தொலைநிலையில் முடிக்கவும் இப்போது வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022 ஏப்ரலில் இசைவு தந்தது. தமிழ் இலக்கியமோ வரலாறோ எம்.ஏ. படிப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. சுவடி நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பாட அறிவும் பட்டியலாக்க அறிவும் ஒருவரிடமே இருந்தால் அதன் மதிப்பே தனி.

தொலைநிலையின் குறை செய்முறையில் இருக்கிறது. தொடர்பு வகுப்புகள் சில நாட்களில் முடிந்துவிடும். ஏற்கெனவே நூலகத்தில் உதவியாளராக வேலை பார்ப்பவருக்கு அது நட்டமில்லை. அவருக்குத் தினமும் செய்முறைதான். நூலகத்துக்குள் வேலை பார்த்தே இராதவர் தொலைநிலையில் சேர்ந்தால், ஊரில் ஒரு கல்லூரி நூலகரையோ கிளை நூலகரையோ கேட்டு வாரம் இரண்டு நாளாவது உட்கார்ந்து பழக வேண்டும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவரே அப்படித்தான் பழகினார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அதே ஆண்டு பயிற்சிக்காக லண்டன் போனார். யுனிவர்சிட்டி காலேஜில் பாடம் கேட்டார். அங்கே பாடம் நடத்திய பெர்விக் சேயர்ஸ், குராய்டன் பொது நூலகத்தின் தலைவரும்கூட. அவர் வழிகாட்ட, ரங்கநாதன் குராய்டன் நூலகத்தில் வேலை பழகினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். 1925-இல் திரும்பி வந்தவர் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் தந்தார். நூலகப் படிப்பைச் சென்னையில் தொடங்கி வைத்தவரும் அவரே. 1929-இல் கோடைகாலப் பள்ளியாகப் பிறந்தது அது.

பெங்களூர் வாசல்

ரங்கநாதன் 1962-இல் பெங்களூரில் தொடங்கிய ஆவண ஆய்வு பயிற்சி மையம், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஓர் அங்கம். டி.ஆர்.டி.சி. என்றால் துறையில் தெரியாதவர் இல்லை. இங்கே இரண்டாண்டு எம்.எஸ். பட்டம், எந்தப் பாடத்தில் இளநிலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். தனி எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு, இடங்கள் குறைவு. மாணவர்களுக்கு உதவித்தொகை தருவது இந்த நிறுவனத்தின் நெடுநாள் வழக்கம். சேரும் ஆண்டின் தொகையையும் நிபந்தனையையும் அந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பாடம் அலமாரியோடு நிற்பதில்லை. நிரல் எழுதுதல், தரவுத்தளம், மெட்டாடேட்டா, பொருள்சார் வலை என்று போகிறது. பெருநிறுவனங்களில் அறிவு மேலாண்மை, ஆய்வு நிறுவனங்களில் தரவு மேலாண்மை, பதிப்பகங்களில் மெட்டாடேட்டா வேலை ஆகியவற்றைக் குறிவைப்பவர்கள் முயன்று பார்க்க வேண்டிய இடம். மாவட்ட நூலகத்தில் வாசகர் முகம் பார்த்து வேலை செய்வதுதான் விருப்பம் என்பவர் வீட்டுக்கு அருகிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தாலே போதும். அதில் எந்தக் குறையும் வந்துவிடாது.

இலங்கையில்

இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு வழி வேறு. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகமும் களனிப் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் துறையும் பட்டமேற்படிப்பு நடத்துகின்றன. 1960-இல் அமைந்த இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் டிப்ளோமாவைத் தமிழ் மொழியிலும் படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற நினைப்பவர்களுக்கு அது ஏற்றது. 1981-இல் யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன மண்ணில், மின்னாவணமாக்கம் வெறும் விருப்பப் பாடமாக இருக்க முடியாது. நூலகம் நிறுவனம் 2005 முதல் இணையத்தில் திரட்டிவரும் ஈழத்து ஏடுகளைப் பார்த்தாலே அதன் தேவை விளங்கும்.

பாடத்திட்டத்தில் எதைத் தேடுவது?

எந்த வாசலாக இருந்தாலும் பாடத்திட்டத்தில் செய்முறைக்கு எத்தனை மணி நேரம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கோஹா, டிஸ்பேஸ் இரண்டின் பெயரும் எல்லாப் பாடத்திட்டத்திலும் அச்சாகியிருக்கும். கோஹா நூலக நிர்வாக மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. டிஸ்பேஸ் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் சேமித்து வைக்கும் மென்பொருள். இரண்டும் இலவசம். மாணவரே அவற்றைக் கணினியில் நிறுவிப் பார்க்கிறாரா, திரையில் ஆசிரியர் காட்டுவதை வேடிக்கை பார்க்கிறாரா என்பதில்தான் துறைக்குத் துறை வேறுபாடு. தொலைநிலை மாணவர் லினக்ஸ் உள்ள பழைய மடிக்கணினியில் கோஹாவை நிறுவி வீட்டு அலமாரியில் இருக்கும் ஐம்பது புத்தகங்களை ஏற்றிப் பழகலாம்.

அப்படி ஏற்றும்போதுதான் தமிழ் நூல்களின் தனிச் சிக்கல் கைக்கு வரும். மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கும். தமிழருக்கு இருப்பது தலைப்பெழுத்து. மு. வரதராசனை ‘மு’வில் தேடுவதா, ‘வ’வில் தேடுவதா? புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம் இரண்டும் ஒருவரே என்று மென்பொருளுக்கு யார் சொல்வது? கல்கி என்று தட்டினால் எழுத்தாளரும் வருவார், அவர் தொடங்கிய இதழும் வரும். ஆங்கில எழுத்தில் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தால் ஒரே எழுத்தாளரின் நூல்கள் நான்கு பேருடையவை போலச் சிதறிக் கிடக்கும். இந்தச் சிக்கல்களைப் பேசும் ஆசிரியர் இருப்பது ஒரு துறைக்கு, ஒளிரும் விளம்பரத் தாளை விடப் பெரிய தகுதி.

யாருக்கு எது?

கல்லூரி நூலகராகவோ பேராசிரியராகவோ ஆக நினைப்பவருக்கு ஒருங்கிணைந்த வளாகப் படிப்பு. முதலாண்டிலிருந்தே நெட் பயிற்சி. நூலகத்தில் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு இக்னோ அல்லது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வருமானம் உடனே தேவைப்படுபவருக்கு ஓராண்டு பி.எல்.ஐ.எஸ்., பிறகு வசதிப்படி முதுகலை. கணிதமோ கணினியோ படித்துவிட்டுத் தகவல் மேலாண்மையில் நாட்டம் உள்ளவருக்குப் பெங்களூர். இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள் தங்கள் பாடத்தை விட்டுவிடாமல் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சேரும் முன் ஒரு வேலைநாளில் அந்தத் துறைக்கு நேரில் போய் வருவது நல்லது. போகும்போது வீட்டிலிருந்து ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போகலாம். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, எண் போட்டுக் கோஹாவில் ஏற்றிக் காட்டச் சொல்லலாம். அவர் நேரே கணினி முன் உட்கார்ந்து, “இவருடைய இன்னொரு பெயரும் போடணும்ல?” என்று கேட்டால், விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று அலுவலகத்தில் விசாரித்துவிட்டே வீடு திரும்பலாம்.