நம்ம ஊர் வாய்க்காலும் பங்குனி ஆமைக் குஞ்சும்



"நம்ம கண்டமங்கலத்துல கடலே இல்ல. அப்புறம் எதுக்கு ஆமையைப் பத்தி எழுதுற?" என்று என் தங்கச்சி கேட்டாள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

செஞ்சிப் பக்க மலைகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வில்லியனூர் வழியாகப் போய்ப் புதுச்சேரி அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆற்றில் சேரும் வாய்க்கால்களில் நாம் போடும் கேரி பேக், தண்ணி பாக்கெட் எல்லாம் மழை வந்தால் கடலுக்குப் போய்விடும்.

அந்தக் கடலோரத்தில்தான் பங்குனி ஆமைகள் கரையேறுகின்றன. தை முதல் பங்குனி வரை பெண் ஆமை இரவில் வந்து, மணலில் குழி பறித்து, சுமார் 100 முட்டை இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் கடலை நோக்கி ஓடும். வழியில் பிளாஸ்டிக் கப்போ அறுந்த வலையோ கிடந்தால் மாட்டிக்கொள்ளும்.

கடலுக்குள் ஆபத்து இன்னும் அதிகம். ஏன் தெரியுமா?

1. குஞ்சுகளும் குப்பையும் ஒரே நீரோட்டத்தில்தான் மிதக்கின்றன.

2. பாலித்தீன் பை, ஆமைக்கு ஜெல்லி மீன் போலத் தெரியும். கடலில் ஊறிய பிளாஸ்டிக்கில் இரையின் வாசனையும் வரும். பெருந்தலை ஆமைகளை வைத்துச் செய்த சோதனையில் இதை 2020-இல் கண்டறிந்தார்கள்.

3. ஆமையின் தொண்டையில் உள்பக்கம் பார்த்த முட்கள் உண்டு. விழுங்கியதைத் துப்புவது கஷ்டம். குடல் அடைத்து இறந்துவிடும்.

2018-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆமை ஒரே ஒரு துண்டு பிளாஸ்டிக் விழுங்கினாலும் சாவதற்கு 22 சதவீதம் வாய்ப்பு. 14 துண்டு என்றால் 50 சதவீதம்!

உண்மையைச் சொல்கிறேன். நானும் டீ கப்பை வாய்க்காலில் வீசியவன்தான். "ஒண்ணுதானே" என்று நினைத்தேன். ஒன்றே போதும் என்று இப்போதுதான் தெரிந்தது.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் குழு ஒன்று இரவில் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. நமக்குக் கடற்கரை இல்லை, வாய்க்கால் இருக்கிறது. 1-1-2019 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. ஆனாலும் கடைக்காரர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம். இனி "வேணாம் அண்ணா, பை இருக்கு" என்று சொல்வோமா?

மஞ்சப்பை எடுப்போம்! ஆமைக் குஞ்சைக் காப்போம்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்